வளாக வாசல் சீன உணவு வண்டி: ஒரு மூலபாட ஆய்வு

ஆய்வுக் களம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம். அதன் மேற்குப் பகுதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் டிரெக்சல் பல்கலைக்கழகமும் தோளுரசி நிற்கும் வட்டாரம். இங்கே நடைபாதையோரம் நிற்கும் சீன உணவு வண்டியைப் பற்றி அறிஞர் உலகம் இதுவரை வாய் திறந்ததெல்லாம் சாப்பிடத்தான். அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை.

முதலில் மூலபாடம். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலே நமக்குக் கிடைக்கும் ஒரே சுவடி. அடியில் வெயிலில் வெளிறிய அச்சு; அதன்மேல் கையால் விலை எழுதிய வெள்ளைத் துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்க்கும் ஆய்வாளர் அமெரிக்கப் பணவீக்கத்தின் வரலாற்றை அடுக்கடுக்காகப் படிக்கலாம். (உள்ளிருந்து ஒரு குரல் அதட்டும். கள ஆய்வில் இதெல்லாம் சகஜம்.) மேலொட்டுகளை இடைச்செருகல் என்று தள்ளுவோர் உண்டு. காசு கொடுக்கும்போது செல்லுபடியாவது இடைச்செருகல்தான் என்பதால் அவர் கட்சி நில்லாது.

அடுத்தது பட்டியலின் நீளம். ஒருவர் திரும்பினால் இன்னொருவர் முழங்கை இடிபடும் இடத்தில் இத்தனை பண்டங்கள் எப்படிச் சாத்தியம்? கோழி, மாடு, பன்றி, இறால், டோஃபு என்று ஐந்து. பூண்டு, கறுப்பு பீன்ஸ், குங் பாவ், இனிப்புப் புளிப்பு, கறி, புரோக்கோலி என்று ஆறு. வெறுஞ்சோறு, வறுத்த சோறு, லோ மெய்ன் என்று மூன்று. பெருக்கினால் 90. உள்ளே இருப்பதோ நறுக்கிய காய் டப்பாக்கள் சில, சோளமாவு பிசிறிய இறைச்சி, சாஸ் பாத்திரங்கள். அந்தச் சோளமாவு சாமானியமல்ல. கடுந்தீயில் இறைச்சி விறைக்காமல் காத்து, சாஸையும் பிடித்து வைப்பது அதுதான்.

சாலைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்திலும், இருப்பதையே மாற்றி மாற்றிச் சேர்க்கும் இதே முறைதான். ஒரே தரவு, தலைப்பை மாற்றி ஒரு கட்டுரை, ஆண்டை மாற்றி ஒன்று, மாநாட்டுக்கு ஒன்று. ஆயினும் வண்டிக்காரர் நேர்மையில் ஒரு படி மேல். பட்டியலின் 41ஆம் எண்ணுக்கும் 42ஆம் எண்ணுக்கும் வித்தியாசம் இறால் மட்டுமே என்று அவர் வெளிப்படையாக எழுதிவைக்கிறார்.

ஆசிரியர் யார் என்ற சிக்கலும் உண்டு. பட்டியலில் தவறாமல் இடம்பெறும் ஜெனரல் ஸோ கோழியின் பெயருக்குரியவர் ஹூனான் மாகாணத்துத் தளபதி ஸுவோ ஸோங்டாங் (1812–1885). அவர் இக்கோழியைக் கண்ணாலும் கண்டதில்லை. பெங் சாங்-குவெய் என்ற சமையற்காரர் 1950களில் தைவானில் படைத்தது இது. 1970களில் நியூயார்க்கில் மொறுமொறுப்பும் சர்க்கரையும் ஏறின. ஆய்வில் கையே வைக்காதவர் பெயர் கட்டுரையின் தலையில் உட்காரும் வழக்கம் துறைத்தலைவர்களால் தோன்றியதல்ல என்பது இதனால் பெறப்படும்.

தீயைப் பற்றிச் சொல்லும் வேலை நமக்கு மிச்சம். வறுத்த சோற்றை வாணலியில் தூக்கிப்போடுவதன் இயற்பியலை ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹங்டாங் கோ, டேவிட் ஹூ இருவரும் 2020இல் மெய்யாகவே ஆய்விதழில் வெளியிட்டார்கள். நொடிக்கு ஏறக்குறைய மூன்று வீச்சு. பருக்கை அந்தரத்தில் பறப்பதால் 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் கருகுவதில்லை. தோள்வலிதான் தொழில் நோய் என்பதும் அவர்கள் கட்டுரையில் உண்டு. போலி ஆய்வு எழுதுவோர் பிழைப்பில் மண்ணைப் போடுவது இப்படிப்பட்ட அசல் ஆய்வுகளே.

வரிசையில் நிற்போர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களும் தற்காலிக விரிவுரையாளர்களும். வண்டிகள் எங்கே நிற்கலாம் என்று 1998இல் நகரமன்றம் சட்டம் செய்து இடம் குறித்துக் கொடுத்தது. ஆக, சக்கரம் வைத்த வண்டிக்கு இந்த வளாகத்தில் நிலையான இடம் உண்டு; அதன்முன் பசியோடு நிற்கும் விரிவுரையாளருக்கு அடுத்த பருவத்துக்கு உத்தரவாதம் இல்லை.

இனி மதிப்பீடு. ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு நடுவர்கள் மாதக்கணக்கில் கேள்வி அனுப்புவார்கள். வண்டியின் சன்னலில் கேள்வி ஒன்றுதான்: “ஹாட் சாஸ்?” வேண்டும் என்று சொன்னாலும், கொஞ்சம் என்று சொன்னாலும், கைபேசியைப் பார்த்தபடி பேசாமல் நின்றாலும் விழுவது ஒரே அளவு.