சவுண்டு சார்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு சவுண்டு சார் இருப்பார். ஆளைப் பார்த்தால் பரம சாது. வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்கப்போகிறோம் என்ற செய்தியை மட்டும் அவர் காதில் போட்டுவிடக் கூடாது. போட்டால் லிஃப்டு மூன்று முறை ஏறி இறங்கிவிடும். நம்மால்தான் இறங்க முடியாது.

அவர் சொல்வதில் பிழையே இருக்காது. அதுதான் விசேஷம்.

“பட்ஜெட்ல பாதிக்கு மேல ஸ்பீக்கருக்குப் போகணும் சார். ரிசீவர் சீக்கிரம் பழசாயிடும். நல்ல ஸ்பீக்கர் இருபது வருஷம் உழைக்கும். அதுலயும் சென்டர் ஸ்பீக்கர்தான் முக்கியம். வசனம் பெரும்பாலும் அதுலதான் வரும்.”

அடுத்தது சப்வூஃபர். அதற்கப்புறம் ரிசீவர். பின்னால் வைக்கிற இரண்டு சரவுண்டும் சின்னதாக இருந்தால் போதும். மிச்சச் சில்லறையில் கேபிள்.

“பெட்டி மேல 5,000 வாட் பி.எம்.பி.ஓ.ன்னு போட்டிருப்பான், நம்பாதீங்க. உங்க வீட்டு ஏ.சி., மிக்ஸி, ஃபேன் மூணும் சேர்ந்து ஓடினாக்கூட அவ்வளவு இழுக்காது. 100 வாட்டை 200 ஆக்கினா கூடறது வெறும் 3 டெசிபெல். ரெண்டு மடங்கு சத்தமா காதுல விழணும்னா பத்து மடங்கு வாட் வேணும்.”

இந்த உபதேசத்தை அப்படியே கடைப்பிடித்தவர் இரண்டாம் மாடிக்காரர். அவர் வீட்டில் கதாநாயகி பெருமூச்சு விட்டாலும் ஹாலில் தெளிவாகக் கேட்கிறது.

சவுண்டு சார் வீட்டுக்குப் போவோம். எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குத் தங்கமுலாம். ஸ்பீக்கர் ஒயர் கட்டைவிரல் தடிமன், நுனிதோறும் பனானா பிளக். ஸ்பீக்கர்களுக்கு அடியில் பித்தளை ஆணி. கரண்டைச் சுத்தம் செய்ய என்று தனியாக ஒரு பெட்டி. சென்டர் ஸ்பீக்கரா? பழைய டூ-இன்-ஒன்னிலிருந்து கழற்றியது ஒன்று, டி.வி.க்குக் கீழே மூக்கடைத்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறது.

காரணம், நிதி நிர்வாகம். 2,000 ரூபாய் வரை சாருக்குச் சுய அதிகாரம் உண்டு. அதற்கு மேல் என்றால் மசோதா தாக்கல் செய்து, வீட்டம்மா முன் விவாதத்துக்கு நிற்க வேண்டும். சென்டர் ஸ்பீக்கர் 20,000, கேபிள் 1,800. போதாததற்கு, சென்டர் ஸ்பீக்கரை ஒளித்துக் கொண்டுவர முடியாது. பனானா பிளக் சட்டைப்பையில் அடங்கும். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால் வெறுங்கையோடு திரும்புகிற வழக்கமும் அவருக்கில்லை. இப்படி வாங்கியதையெல்லாம் கூட்டினால் இரண்டு சென்டர் ஸ்பீக்கர் தேறும். அதனால் அவர் கூட்டுவதில்லை.

டைல்ஸ் தரை, வெறும் சுவர், எதிரே கண்ணாடி ஷோகேஸ். சத்தம் முட்டி மோதி எதிரொலிக்கத் தோதான அறை. தடித்த திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் போட்டால் பாதி எதிரொலி அடங்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர் அவர்தான். வீட்டம்மாவும் திரைச்சீலை வாங்கத் தயார். ஆனால் திரைச்சீலைக்கு மாடல் நம்பர் கிடையாதே! சாருக்கு மனசு ஒப்பவில்லை.

சப்வூஃபரை மூலையில் வைத்தால் பாஸ் உப்பிக்கொண்டு எழும் என்பதும் அவருக்குத் தெரியும். பீரோவுக்குப் போக மிஞ்சிய இடம் அந்த மூலைதான். ஆகவே ஞாயிறு சாயங்காலம் படத்தில் குண்டு வெடித்தால், மேல்வீட்டு எவர்சில்வர் தட்டுகள் பதில் சொல்கின்றன. குண்டு வைத்தவன் என்ன சொன்னான் என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. தமிழ்ப் படத்தை இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுப் பார்க்கும் தமிழ்க் குடும்பம் அது.

“ஏங்க, அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?”

ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓட்டினார். மறுபடியும் முணுமுணுப்பு. மறுபடியும் ஓட்டினார். வீட்டம்மா பொறுமை இழந்தார்.

“எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, நாளைக்கே அந்த நடு ஸ்பீக்கரை வாங்கித் தொலைங்க!”

விவாதமே இல்லாமல் மசோதா நிறைவேறிவிட்டது. சார் முகத்தில் ஏனோ களை இல்லை. ஸ்பீக்கரையும் அதன் பின்னால் தொங்கும் ஒயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வாங்கலாம்தான்…” என்று இழுத்தார். “ஆனா அந்த ஸ்பீக்கரோட தரத்துக்கு இந்தக் கேபிள் பத்தாதே.”