கட்டில் செய்யப் போற மருமவனுக்கு

வாப்பா மருமவனே. கட்டிலை நீயே செய்யப் போறியாம்லா? கேக்கவே வயிறு குளுந்து போச்சு. போன்ல பத்து நிமிசப் படத்துல ஒருத்தன் அறுக்கான், இழைக்கான், மாட்டுதான், கடைசியில ஏறிப் படுத்து நம்மளப் பாத்துச் சிரிக்கான். நீயும் அதைப் பாத்துட்டு டேப்பைத் தூக்கிட்டுக் கெளம்பிட்ட. செய்யாண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா மட்டும் கேக்கவா போற?

"இதுல என்ன மாமா இருக்கு, நாலு காலு, நாலு சட்டம், குறுக்க கொஞ்சம் ரீப்பரு, அவ்வளவுதான?"ன்னு கேக்க. பஞ்சபாண்டவர எனக்குத் தெரியாதா, கட்டில் காலு கணக்கா மூணு பேருன்னு ரெண்டு வெரலைக் காட்டுனானே ஒருத்தன், அவனும் இப்படித்தான் பேசுனான். மொதல்ல கணக்குக்கு வா.

மெத்தைய வாங்கிட்டுக் கட்டிலைச் செய்யி. மாத்திச் செஞ்சேன்னா, கடைக்காரன் 72 அங்குலம் எடுத்துப் போடுவான், 75 போடுவான், 78 போடுவான். உன் கட்டிலு மட்டும் 76½-ல நிக்கும். 75-க்கு 48 மெத்தைன்னு வச்சுக்க. காலு மூணுக்கு மூணு, ஒண்ணரை அடி ஒசரம். சட்டம் அஞ்சுக்கு ஒண்ணரை. மூணு அங்குல அகலத்துல, ஒரு அங்குலக் கனத்துல 13 ரீப்பரு, எடையில மூணு மூணு அங்குலம் சந்து. தலைமாட்டுப் பலகை இல்லாம, சேதாரத்தோட சேத்து மூணு கன அடி மரம் புடிக்கும். மரக்கடையில இந்தக் கணக்கைச் சொல்லு. "ஒரு கட்டிலுக்கு எம்புட்டு ஆவும் அண்ணாச்சி?"ன்னு மட்டும் கேட்டுராத. பாவம், தாராள மனசுக்காரரு, ரெண்டு கட்டிலுக்கு ஏத்தி விட்டுருவாரு.

புதுத் தேக்கு வெலையக் கேட்டா கட்டில் இல்லாமலே படுத்துருவ. அதனால பழைய வீடு இடிச்ச மரம் விக்கிற கடைக்குப் போ. தாத்தன் காலத்து உத்தரமும் நிலையும் அங்கதான் கெடக்கு. வருசக்கணக்காக் காஞ்ச மரம், இனிமே முறுக்குறதுக்கு அதுகிட்டச் சங்கதி கெடையாது. ஆனா கண்ண மூடிட்டு வாங்காத. வெட்டுன தலைப்பப் பாரு. நடுவுல நெறமா இருக்கது வைரம், ஓரத்துல வெளுத்துத் தெரியுதது வெள்ளை. உளு பூருதது அந்த வெள்ளையிலதான். கட்டையத் தூக்கித் தரையில ரெண்டு தட்டுத் தட்டு. ஊசித் தொளை வழியா மாவு கொட்டிச்சின்னா, பாதி வெலைக்குத் தாரேன்னாலும் திரும்பிப் பாக்காம வந்துரு. நல்ல மரமா இருந்தா, ஆணியப் பூராவும் புடுங்கிட்டு சாமில்லுக்குக் கொண்டு போ. வாளுப் பல்லு போச்சின்னா அறுகூலிய விட அவன் வசவு ஜாஸ்தி.

"தோட்டத்து வேம்பு ஓசியில கெடைக்குது மாமா"ங்க. வேம்பு நல்ல மரந்தான். பச்சையில அறுத்து ஒடனே அடிச்சேன்னா, சித்திரை வெயிலுக்குச் சுருங்கி மூட்டு ஆட்டங்குடுக்கும். அப்புறம் நீ பொரளும்போதெல்லாம் கட்டில் பேசும். கல்யாணம் ஆன ஆளு நீ, வீட்டு ரகசியம் தெருவுக்கு எதுக்கு? அறுத்த பலகைய நெழல்ல, எடையில குச்சி குடுத்து அடுக்கி, ஒரு வருசமாவது காயப் போடு.

இன்னொரு கூட்டம், கப்பல் சரக்குக்கு அடியில வர்ற பைன் கட்டைத் தட்டுதான் மலிவுன்னு சொல்லுதானுவ. மலிவுதான். அதுல ஒரு முத்திரை குத்திருக்கும், அதை வாசி. ஹெச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டிப் பூச்சியக் கொன்ன மரம், எடுத்துக்கலாம். எம்.பி.ன்னு இருந்தா நம்ம தொகுதிக்காரருன்னு கும்பிடு போட்டுராத. மெத்தில் புரோமைடு புகை போட்டதுன்னு அர்த்தம். நம்ம எம்.பி.யாவது அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவாரு, இது ராத்திரி பூராவும் கூடவே கெடக்கும். வேண்டாம்.

இப்ப மூட்டுக்கு வா. உன் வண்டவாளம் தெரியப் போறது இங்கதான். காலுல சட்டத்த வச்சு நாலு ஆணி அடிச்சா ஆறே மாசத்துல பல்லு ஆடுதாப்புல ஆடும். ஸ்க்ரூ போடுதியா? சட்டத்தோட தலைப்புல, மரத்து ரேகை முடியுத பக்கத்துல, அது சரியாப் புடிக்காது. கழுந்து எடுத்துத் தொளையில எறக்கணும். மரத்துக் கனத்துல மூணுல ஒரு பங்கு கழுந்து. ஒண்ணரை அங்குலச் சட்டத்துக்கு அரை அங்குலம். உளி புடிக்கத் தெரியாதுன்னா வெக்கப்படாத, ஆசாரிய அழைச்சு அந்த எட்டு மூட்டை மட்டும் போட்டு வாங்கு. கூலிய முன்னாடியே பேசிரு. "நானே செஞ்சுருவேன், நீங்க சும்மா ஒரு கை புடிங்க"ன்னு சொல்லிராத, கூலி ரெட்டிக்கும்.

நீளச் சட்டம் ரெண்டையும் கழுந்தோட நிறுத்தி, பசை போடாம நட்டு போல்ட்டு போட்டு முறுக்கு. எல்லாத்தையும் பசை போட்டு முத்தத்துல வச்சு மாட்டிட்டேன்னா, மூணடி வாசல்ல அதை நுழைக்கப் பந்தக்கால் நடுத ஆளுவளக் கூப்புட வேண்டி வரும். உள்ள கொண்டு போயி மாட்டுனப்பெறவு மூலைக்கு மூலை டேப்பைப் புடி. 75-க்கு 48-ன்னா ரெண்டு பக்கமும் 89 அங்குலம் வரணும். ஒரு பக்கம் கூடிச்சின்னா கட்டில் கோணல்.

சுருக்கமாச் சொல்லுதேன், கேட்டுக்க. கண்ணு படுத எடத்துல எம்புட்டு வேணும்னாலும் மிச்சம் புடி. தலைமாட்டுல பூ வேண்டாம், மயில் வேண்டாம், பாலிஷ் நீயே போட்டுக்க. பாரம் படுத எடத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத. காலும் மூட்டும் நல்லா இருந்தா மத்தது எப்படி இருந்தாலும் தூக்கம் வரும். இதுல இன்னும் சந்தேகம்னா, மிச்சக் கட்டையில மொதல்ல ஒரு பெஞ்சு செஞ்சு கொண்டு வா. நான் உக்காந்து பாக்குதேன். அது தாங்குச்சின்னா கட்டிலைத் தொடு. தாங்கலைன்னா பாயை விரி, அதுக்கு மூட்டே கெடையாது.