ஏணியா, களமா?

கேள்வி: மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பதவி நாடாளுமன்றத்துக்கு ஏறும் ஏணிதானே?
– ஒரு வாசகர், சிலிம் ரிவர்

பதில்: ஏறியவர்கள் உண்டு. ஒபாமா 1997இல் இலினாய் மாநில செனட்டில் தொடங்கியவர். நம் பேராக்கில் வ. சிவகுமார் 2008இல் துரோனோவில் வென்று சபாநாயகரானார். 2009 மே 7 அன்று சபையிலிருந்து அவரை இழுத்து வெளியேற்றினார்கள். அதை மறக்க முடியுமா? 2013இல் பத்து காஜா அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 2022இல் மனிதவள அமைச்சரானார்.

ஆனால் உங்கள் பக்கத்துச் சுங்காயைப் பாருங்கள். அ. சிவநேசன் அங்கே 2008 முதல் 4 பொதுத் தேர்தல்களில் வென்று, மாநில ஆட்சிக்குழுவிலும் இருந்தவர். அவருக்குச் சட்டமன்றமே களம். ஏனெனில் நிலம் மாநில அதிகாரம், ஐயா. தோட்டம் கைமாறி லயத்தை விட்டவர்களின் மனைப் பட்டா ஈப்போவில்தான் முடிவாகும், கோலாலம்பூரில் அல்ல. சிலிம் சட்டமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது, பட்டாவைக் கேளுங்கள்.