திடீர் விவசாயிகள் வாழ்க!

2020 ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, தமிழ்நாட்டில் ஒரு பசுமைப் புரட்சி ஓசைப்படாமல் நடந்தது. மழை வேண்டியிருக்கவில்லை, விதை வேண்டியிருக்கவில்லை, நிலம்கூட வேண்டியிருக்கவில்லை. சில மாதங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புது விவசாயிகள் முளைத்தார்கள். விளைந்த இடம் பிரவுசிங் சென்டர். போட்ட உரம் அதிகாரியின் பாஸ்வேர்டு. மகசூல், அரசே சொன்ன கணக்குப்படி, 110 கோடி ரூபாய்.

பி.எம். கிசான் என்று ஒரு மத்திய அரசுத் திட்டம். சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. ‘நீங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம்’ என்று கதவைத் திறந்துவிட்டார்கள். புரோக்கர்கள் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிக்கொண்டு, ‘கொரோனா பணம் வருது’ என்று சொல்லி, அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் போட்டு ஏழை ஜனங்களைப் பட்டியலில் ஏற்றினார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று மாவட்டம் மாவட்டமாகப் பயிர் செழித்தது. ஆகஸ்டில் குட்டு உடைந்தது. சில புரோக்கர்கள் கைதானார்கள், ஒப்பந்த ஊழியர்களுக்கு வேலை போனது. ‘கொரோனா பணம்’ என்று நம்பி வாங்கியவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் திரும்ப உருவப்பட்டது. நம் நாட்டில் நீதி எப்போதும் கீழ்ப்படியிலிருந்துதான் தொடங்கும். மேலே ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும்.

இதில் ரசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தத் திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தட்டிக்கொண்டே போனால், பணம் வாங்குவோர் பட்டியல் கண் முன்னே விரியும். என்னே வெளிப்படைத்தன்மை! பெயர் இருக்கும். ஆணா பெண்ணா என்பதும் இருக்கும். எந்த சர்வே எண், எத்தனை சென்ட் என்று பார்த்தால் இருக்காது. ‘இவர் விவசாயிதான்’ என்று ஒப்புதல் கொடுத்த மகராசன் யார் என்பது இருக்கவே இருக்காது. 2,000 ரூபாய் வாங்கியவர் பெயரை உலகமே பார்க்கலாம். அவரை உள்ளே விட்டவர் பெயர் மட்டும் ராணுவ ரகசியம்.

தமிழ்நாட்டை மட்டும் சொல்லி என்ன பயன்? தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு நாடு முழுவதும் 1,364 கோடி ரூபாய் போயிருப்பதாக, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மத்திய வேளாண் அமைச்சகமே பதில் தந்தது. அதில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுகிறவர்கள்! ஒரு கையால் அவர்களிடம் வரி வாங்கிய அரசாங்கம், மறு கையால் ‘ஏழை விவசாயி, பாவம்’ என்று தவணை அனுப்பியிருக்கிறது.

உண்மையிலேயே உழுகிறவன் எங்கே என்கிறீர்களா? குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்கிறவன் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. பட்டா அவன் பேரில் இல்லையே! வயலில் கால் வைக்காத பட்டாதாரர் விவசாயி. சேற்றில் நிற்கிறவன் பார்வையாளன்.

கோடிகளில் கடன் வாங்கி ஏப்பம் விட்டவர்கள் விவரத்தைக் கேட்டபோது ‘வாடிக்கையாளர் ரகசியம்’ என்று ரிசர்வ் வங்கி உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியதே, நினைவிருக்கிறதா? 2015 டிசம்பரில் நீதிமன்றம் குட்டிய பிறகும் வங்கிகளுக்கு அந்த ரகசியத்தை விட மனம் வரவில்லை. ஆறாயிரம் ரூபாய்க்காரனுக்கு மட்டும் எந்த ரகசியமும் கிடையாது.

2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, மானியம் பெறுவோர் விவரத்தை யாரும் கேட்காமலே அரசு வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிட்டோம் என்று இணையதளத்தைக் காட்டித் தப்பிக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் அந்தப் பட்டியலை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் சர்வே எண் கேளுங்கள். ஒப்புதல் கொடுத்த அதிகாரி யார் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.