ஆகாயமே கூரை

குலப்பெருமை கேட்பதற்குப் படகைவிட உசிதமான ஸ்தலம் உலகத்தில் இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஏனெனில், சொல்லுகிறவர் சுக்கானைப் பிடித்திருக்க, கேட்கிறவன் எழுந்து வீட்டுக்குப் போகும் சௌகரியம் அங்கே அறவே கிடையாது. ஸ்காட்லாந்தின் ஸ்கைத் தீவில், கடல்நீர் நிலத்துக்குள் நெடுந்தூரம் புகுந்திருக்கும் டன்வேகன் கழியில், மக்லௌட் குலத்தலைவர்கள் 800 ஆண்டுகளாக வாசம் செய்துவரும் கோட்டையின் படகுத்துறையிலிருந்து, கடல்நாய்களைத் தரிசிக்கும் பொருட்டு நாங்கள் ஏறிய படகில், படகோட்டி கோட்டையை அண்ணாந்து பார்த்துத் தொண்டையைக் கனைத்த மாத்திரத்திலேயே எங்கள் கதி நிர்ணயமாகிவிட்டது.

முதலில் வந்தது ரோரி மோர் என்ற பூர்வீகத் தலைவரின் கொம்பு. பட்டத்துக்கு வரும் ஒவ்வொரு வாரிசும், ஒன்றரைப் புட்டி சிவப்பு மது கொள்ளும் அந்தக் கொம்பை, கீழே வைக்காமலும் தான் கீழே விழாமலும் ஒரே மூச்சில் காலி செய்ய வேண்டும் என்பது சம்பிரதாயமாம். ராஜ்ய பரிபாலனத்துக்கு வேறு யோக்கியதாம்சம் கேட்டதாக அவர் சொல்லவில்லை.

அடுத்து, தலை சீவிய இளநீர்க் காய்கள்போல் அக்கரைக்கு அப்பால் நிற்கும் இரு குன்றுகளைக் காட்டினார். அவற்றுக்கு 'மக்லௌடின் மேஜைகள்' என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில், அலஸ்டேர் க்ரோடக் என்ற கூன்முதுகுத் தலைவர் எடின்பரோ அரண்மனையில் விருந்துண்டபோது, இவ்வளவு உயர்ந்த விதானமும் விசாலமான மேஜையும் உம்முடைய தீவில் உண்டோ என்று ஒரு பிரபு பரிகசிக்க, அவரை ஸ்கைக்கு வரவழைத்து, குன்றின் உச்சியையே மேஜையாகவும், நட்சத்திரங்கள் நிறைந்த ஆகாயத்தையே விதானமாகவும், தீவட்டி ஏந்திய தம் வீரர்களையே விளக்குத் தண்டுகளாகவும் வைத்து விருந்தளித்து, அவர் வாயை அடைத்தாராம்.

அன்று மழை இல்லைபோலும். எங்களுக்கோ, கதை முடிவதற்குள் அந்த விதானம் தாராளமாக ஒழுகத் தொடங்கிற்று.

ஒழுகும் கூரையின் சங்கடம் அவ்வம்சத்தாருக்கும் புதிதல்ல. 2000ஆம் ஆண்டில், கோட்டைக் கூரையைச் செப்பனிடும் திரவியத்துக்காக, அப்போதைய தலைவர் கூலின் மலைத்தொடரையே ஒரு கோடிப் பவுனுக்கு விலை கூறினார்; மலை ஒரு தனிமனிதருக்கு எப்படிச் சொந்தமாகும் என்று ஜனங்கள் ஆட்சேபித்தார்கள்; விற்பனை நடக்கவில்லை. ஆகாயத்தைக் கூரையாக்கிப் பெருமை கொண்டவரின் பரம்பரையில், அதே ஆகாயம் வீட்டுக்குள் இறங்காமல் தடுப்பதற்காக மலையை விற்கப் புறப்பட்டவர் தோன்றினாரே, அதுவல்லவோ விதியின் ஹாஸ்யம்!

கடல்நாய்களோ, பாறைகளின்மீது சயனித்தபடி, மழையையும் மக்லௌடையும் எங்களையும் சமமாக அலக்ஷியம் செய்தன.

அங்கே செல்லும் அன்பர்கள் குடையை நம்பவேண்டாம், காற்று பிடுங்கிக்கொள்ளும், மழைச்சட்டை போதும். சொந்தக் குலப்பெருமை ஏதாவது கைவசம் இருந்தால் அதைக் கரையிலேயே வைத்துவிட்டு ஏறுங்கள்; படகில் இடம் குறைவு.