அரைச் சுற்றில் அடங்கும் கணக்கு

கே: ஒற்றைப்படைச் சார்பைப் பார்த்தவுடனே கண்டுபிடிக்க முடியுமா?
– பிளஸ் ஒன் மாணவி, பொன்னேரி

ப: முடியும். ஆதிப்புள்ளியில் பேனா முனையை ஊன்றி, வரைபடத் தாளை அரைச் சுற்று சுற்றுங்கள். வளைகோடு பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தால் ஒற்றைப்படை. கனம் உட்காரும்: 2-க்கு 8, −2-க்கு −8. சைனும் உட்காரும். வர்க்கம் கவிழ்ந்துவிடும்.

கே: அப்படியானால் ஆதிப்புள்ளி வழியாகத்தான் போக வேண்டுமா?
– அதே மாணவி

ப: பூஜ்ஜியத்தில் அதற்கு மதிப்பு இருந்தால், கட்டாயம். தன் எதிரெண்ணுக்கே சமமான எண் பூஜ்ஜியம் மட்டும்தானே! தலைகீழி எடுக்கும் சார்புக்கு அங்கே மதிப்பே கிடையாது. ஆனாலும் அது ஒற்றைப்படைதான்.

கே: −5 முதல் 5 வரை தொகையீடு. எங்கள் சார் ஒரு வரிகூடப் போடாமல் பூஜ்ஜியம் என்றார். சரியா?
– பிளஸ் டூ மாணவர், திருவள்ளூர்

ப: சார்பு ஒற்றைப்படையாக, நடுவில் அறுபடாமல் இருந்தால் முழு மதிப்பெண். இடப்பக்கப் பரப்பை வலப்பக்கம் கழித்துவிடும். 6 வரை கேட்டால் பதறாதீர்கள். 5 முதல் 6 வரை மட்டும் போடுங்கள்.

கே: சிப்காட்டில் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் பார்க்கிறேன். ஹார்மோனிக்ஸ் மீட்டரில் 5, 7, 11, 13 என்றே வருகிறது. 2, 4 எங்கே?
– எலக்ட்ரீஷியன், கும்மிடிப்பூண்டி

ப: அருமையான கேள்வி, பிளஸ் ஒன் பாடம் உங்கள் பேனலுக்குள் ஓடுகிறது. வோல்டேஜ் திசை மாறும்போது கரண்டும் அதே அளவில் திசை மாறினால், அந்தக் கருவியின் நடத்தை ஒற்றைப்படைச் சார்பு. சைனின் கனத்தை விரித்துப் பாருங்கள்: மூல அலையும் அதன் 3 மடங்கு அலையும்தான் வரும், 2 வராது. வர்க்கத்தை விரித்தால்தான் 2 எட்டிப் பார்க்கும். அதனால் 50 ஹெர்ட்ஸ் லைனில் உங்களுக்குக் கிடைப்பது 250, 350, 550, 650. 3-ஐ விரட்டியது வேறு ஆள்: மூன்று ஃபேஸிலும் அது ஒரே நேரத்தில் எழும், நியூட்ரல் இல்லாத இணைப்பில் திரும்ப வழியில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2007 விதி முதலில் வந்தபோது, கரண்டில் மொத்த ஹார்மோனிக்ஸ் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. 2, 3, 4 இல்லாததால்தான் ஃபில்டரை 5-க்கும் 7-க்கும் முதலில் போடுகிறார்கள்.

கே: ஒரு நாள் 2 வந்துவிட்டால்?
– அதே எலக்ட்ரீஷியன்

ப: சமச்சீர் எங்கோ உடைந்திருக்கிறது. மேல் அரை அலைக்கும் கீழ் அரை அலைக்கும் ஒரே கவனிப்பு கிடைக்கவில்லை. ஒரு தைரிஸ்டர் நேரத்துக்குத் திறக்காமல் இருக்கலாம். முதலில் கேட் பல்ஸைப் பாருங்கள்.