லேசான நடை

இன்று காலை சேட்டைக் கழுவிக் காயப்போடலாம் என்று கொடிக்குப் போனால் இடமில்லை. முப்பத்தொரு சொப்பிங் பைகள். கழுவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப் குத்தி, சோளகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. என் சேட்டு இன்னும் கிணற்றுக்கட்டில்தான் கிடக்கிறது. ஆகவே ஹோர்ட்டன் சமவெளியின் அழகைப் பற்றி எழுதப்போகிறேன்.

"லேசான நடை அத்தான். புல்வெளி, ஓடை, குளிர்காத்து, அவ்வளவுதான்" என்றான் மனைவியின் தம்பி. 9 கிலோமீற்றர் சுற்று என்பதை வான் வவுனியா தாண்டிய பிறகுதான் சொன்னான். இணுவிலில் இருப்பவனுக்கு உயரம் என்றால் கந்தசாமி கோயில் மஞ்சம். ஆறு என்றால் மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு. 2,100 மீற்றர் உயரத்தில் புல்வெளி, அங்கிருந்து மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தண்ணீர் போகிறது என்றால் யார்தான் வாய் பிளக்கமாட்டார்கள்?

அந்த அழகைச் சொல்ல முதல் பிட்டைச் சொல்லவேண்டும்.

பிட்டு வாழையிலையில். வாழையிலை லஞ்ச் சீற்றில். லஞ்ச் சீற் பேப்பரில். பேப்பர் சொப்பிங் பையில். அது ஒழுகினால்? இன்னொரு பையில். இரண்டையும் தூக்க, காது வைத்த பெரிய பையில். சம்பல் மணக்கும் என்று தனிப்பை. மாமி சைவம் என்பதால் அவித்த முட்டைக்குத் தனிப்பை. அந்தப் பை மற்றப் பைகளில் முட்டாமல் இருக்க அதற்கொரு பை. செருப்புக்கு ஒன்று. நனையப்போகும் துவாய்க்கு ஒன்று. சத்தி வந்தால் ஒன்று, வராவிட்டால் அதைத் திரும்பப் போட்டுவைக்க ஒன்று. தங்கை கனடாவில் இருந்து கொண்டுவந்த தடித்த பை மட்டும் வெறுமையாக, மடித்தபடி, மனைவியின் மடியில் வந்தது. அது பாவிக்கிற பை இல்லையாம். சிரிக்கவேண்டாம்; உங்கள் குசினிக் கதவுக்குப் பின்னாலும் பை நிறையப் பை தொங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு மேசை. பொலித்தீன் உள்ளே போகக்கூடாது. தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய லேபலைக்கூட உரித்துவிட்டுத்தான் விடுகிறார்கள். நியாயம்தான்; பொலித்தீனைத் தின்று மரைகள் செத்திருக்கின்றன. நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் 1850களில் நாய்களை விட்டு மரை வேட்டையாடியவர். அவர் பேரில் இந்தச் சமவெளியில் ஒரு அருவியே இருக்கிறது. சம்பல் மணந்த பையால் அதே வேலையைச் செய்கிற எங்களுக்கு ஒரு வாய்க்கால்கூடக் கிடைக்காது.

காவலர் பொறுமைசாலி. ஒரு பையை அவிழ்த்தார், உள்ளே பை. அதை அவிழ்த்தார், உள்ளே பை. மூன்றாவதோடு எங்களை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் வெள்ளைக்காரர் வரிசை நீண்டது. மனைவியோ ஒவ்வொன்றையும் தடவி, காற்றை வெளியேற்றி, முக்கோணமாக மடித்து வானுக்கு அனுப்பினாள். "தம்பி, இது மருந்துப் பை" என்று மாமி மன்றாடினா. அதற்குள் பயற்றம் பணியாரம் இருந்தது. கடைசியில் பிட்டு இலையோடு என் குரங்குத் தொப்பிக்குள் போனது. முட்டைகள் நாலும் என் காற்சட்டைப் பைகளுக்குள். அந்தப் பைகளை மட்டும் யாரும் தடைசெய்யவில்லை.

முழுதாக ஐம்பது நிமிடம்.

உலக முடிவு என்கிற மலை விளிம்பைக் காலை ஒன்பதுக்கு முன்னம் பார்த்துவிடவேண்டும், பிறகு முகில் மூடிவிடும் என்பது அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். காலடியில் ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்துப் பள்ளமாம். நாங்கள் பத்தேகாலுக்குப் போய் நின்றோம். முன்னால் வெள்ளை. கீழே வெள்ளை. யாரோ உலகத்தையே எடுத்து ஒரு சொப்பிங் பைக்குள் போட்டுக் கட்டிவிட்ட மாதிரி.

"இதைப் பாக்கவே வந்தனாங்கள்?" என்றா மாமி. நான் தொப்பியைத் திறந்து பிட்டு நீட்டினேன்.

ஓடை, புல்வெளி எல்லாம் அடுத்த பந்தியில் எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் வெளியே மனைவி கொடியடியில் நின்று எண்ணுகிறாள்.

"முப்பத்திரண்டு கொண்டுபோனது. ஒண்டைக் காணேல்லை. நீங்கள் எடுத்தனீங்களே?"

பனிக்குப் போன் நனையும் என்று அன்று காவலருக்குத் தெரியாமல் ஒன்றைச் சேட்டுப் பைக்குள் வைத்திருந்தேன். இன்று சேட்டோடு சேர்த்துக் கழுவப்பட்டுவிட்டது. இந்தக் கடதாசிக்குப் பக்கத்தில், ஃபான் காற்றில் காய்கிறது. நன்றாகக் காய்ந்ததும் மடித்து வைக்கவேண்டும், நல்ல பை.